கதிர் வீசாத கண்ணாடி

அத்தியாயம் 5

11 ஆகஸ்ட் 2025, திங்கள்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். காணாமல் போன கண்ணாடித் தூளைத் தேடி, கதிர்வீச்சு மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடம் முழுவதும் மூன்று மணி நேரம் நடந்தேன். அலமாரி, மேசை, கழிவறை, வேலைக்காரர்களின் கைகள், மோட்டார் அறை என்று வரிசையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். மீட்டர் எங்கும் சத்தம் போடவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்கு டாக்டர் ஸ்ரீமதி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்தத் தூள் இன்னும் அணு உலைக்கே போகவில்லை. உலைக்குள் வைத்து எடுத்த பிறகுதான் அது கதிர் வீசும். இப்போது அது வெறும் கண்ணாடி. இனி எதைத் தேடினாலும், அது என்ன பொருள் என்று முதலில் கேட்க வேண்டும். மாலை வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதம்.

"முதலாளி, இதுல ஒண்ணு விட்டுட்டீக" என்றார் சிவபாண்டி மறுநாள் காலை, டீ கிளாஸை டைரியின் மேலேயே வைத்தபடி. "மோட்டார் ரூம்ல இருந்த பூனையையும் மீட்டர் வச்சுப் பாத்தீகளே. அது இன்னும் திகைப்பு தெளியாம உக்காந்திருக்கு."

செழியன் கிளாஸை நகர்த்திவிட்டு, தாளில் பதிந்த வட்டத்தைக் கைக்குட்டையால் ஒற்றினான்.

விருதுநகர் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒற்றை அறை. வெளியே 'செழியன் துப்பறியும் நிலையம்' என்று போர்டு. இருபத்தாறு வயதில் அவனுக்கென்று இருந்த சொத்து அந்தப் போர்டும், மாலைக் கல்லூரியில் பாதி முடித்த தடயவியல் டிப்ளமாவும்தான். பெரும்பாலும் கல்யாண விசாரிப்பு வேலை. மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன கம்பெனியில்தான் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வது. சிவபாண்டி சிவகாசியில் இருபது வருடம் காலண்டர் அச்சடித்த மெஷின்மேன். இப்போது அவனுக்கு உதவியாள், ஓட்டுநர், வாய். மொபெட்டும் அவருடையதே.

"நேத்து எழுதின அறிக்கையையும் படிச்சேன்" என்றார் சிவபாண்டி. குரலில் கேலி கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்தப் பொம்பளைக்கு மூணு வரி எழுதியிருக்கீக."

செழியன் டைரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். டைரியில் அவன் எழுதாமல் விட்டது அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான்.

விஷயம் இது. விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில், கனகசபாபதி என்ற பட்டாசு முதலாளி தன் அட்டைப்பெட்டி கம்பெனி வளாகத்துக்குள்ளேயே மகள் ஸ்ரீமதிக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்திருந்தார். அங்கே விசேஷமான கண்ணாடித் தூள் தயாராகும். வியாழக்கிழமை அது அணு உலைக்குப் பார்சலாகப் போக வேண்டும். திங்கள் காலை பண்டக அறையைத் திறந்தால் குப்பியைக் காணவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த அறைக்குள் போனதாகத் தெரிந்த ஒரே ஆள், கூட்டித் துடைக்கும் பஞ்சம்மாள்.

செழியன் அவளை விசாரித்து எழுதியது:

ஒன்று, அறைச் சாவி சனிக்கிழமை கடைசியாக இவர் கையில். இரண்டு, குப்பியைப் பார்க்கவே இல்லை என்கிறார். மூன்று, கேள்வி கேட்டபோது ஒருமுறை கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தாளை வாங்கிப் படித்த கனகசபாபதி நேரே வாசலுக்கு நடந்தார். ஐந்தரை மணி. அட்டைப்பெட்டி கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். காவலாளி பஞ்சம்மாளின் பையை வாங்கித் தரையில் கவிழ்த்தார். தூக்குச்சட்டி உருண்டது. வெற்றிலைப் பொட்டலம், சர்க்கரை மாத்திரை அட்டை, ஒரு பழைய துண்டு. வேறு ஒன்றும் இல்லை. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். செழியன் பத்தடி தள்ளி, கையில் மீட்டருடன் நின்றிருந்தான்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பொருள் கைக்கு வரலைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருவேன்னு பெரியவர் போன்ல சொன்னாரு" என்றார் சிவபாண்டி. "எழுதிக் குடுத்துட்டா, பிறகு இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கம்பெனியும் அந்தம்மாவை வாசல்ல சேக்காது. தீபாவளி சீசன்ல கூட."

"தெரியும்ணே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க அப்பா பிரஸ்ல போர்மேன். பட்டாசு வேலைன்னா என்னன்னு எங்களை மாதிரி சிவகாசிக்காரனுக்குத்தான் தெரியும்."

செழியன் டைரியை மூடினான். "வண்டியை எடுங்க."

*

"கண்ணாடியை ஏன் ஆத்து மண்ணு மாதிரி செய்யணும்? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டான் செழியன். நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஸ்ரீமதி சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கூடத்தின் நடுவே இருந்த நீளமான தொட்டியைக் காட்டினாள். வெம்பக்கோட்டை அணையைச் சுருக்கி, கரை வளைவெல்லாம் அப்படியே வரும்படி சிமெண்டில் செய்த மாதிரி. உள்ளே கலங்கல் தண்ணீர் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மழைத்தண்ணி வண்டலோட வருது. அது எந்தப் பக்கம் போய்ப் படியுது? தெரிஞ்சா, தூர் வார்ற இடம் தெரியும். ஆனா கலங்கல்ல கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதே. அதனால வண்டல் மாதிரியே நடந்துக்கிற ஒரு ஒற்றனை உள்ள விடுறோம். அவன் எங்க போனாலும் வெளியில இருந்தே கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் கதிர்."

"ஒற்றன்!" என்றார் சிவபாண்டி. "நம்ம தொழில்தானா?"

"கண்ணாடிக் கலவையில ஸ்காண்டியம்னு ஒரு உலோகத்தோட ஆக்சைடைச் சேத்து உருக்குவோம். உருகினதைப் பச்சைத்தண்ணியில கொட்டினா பொலபொலன்னு உடையும். அதை அரைச்சு, சல்லடை மேல சல்லடையாச் சலிச்சு, வண்டல் எந்தப் பருமனோ அந்தப் பருமனை மட்டும் எடுத்துக்குவோம். எடையும் ஒத்து வரணும். அந்தக் குழாய்ல தண்ணி நிரப்பி மேல இருந்து தூவி, கீழ போக எம்புட்டு நேரமாகுதுன்னு பாப்போம். வண்டலும் இதுவும் ஒரே நேரத்துல அடியில உக்காந்தாத்தான் பாஸ். நாலு மாசம் ஃபெயிலாகி, போன மாசம்தான் பாஸாச்சு. உலைக்குள்ள வச்சு எடுத்தா அந்த ஸ்காண்டியம் கதிர் வீச ஆரம்பிக்கும். பல மாசம் வீசும். அதுக்குள்ள சோதனையை முடிச்சிரணும்." அவள் நிறுத்தினாள். "உலையில நமக்குன்னு குடுத்த தேதி போச்சுன்னா, மறுபடி எப்பன்னு யாருக்கும் தெரியாது."

"இப்ப அதைக் கையால தொடலாமா?"

"தாராளமா. ஜன்னல் கண்ணாடியைத் தொடுற மாதிரிதான்."

"இது இங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"என்கூட வேலை பார்க்கிற ரெண்டு பேருக்குத் தெரியும். அவுக லீவுல இருக்காக. தம்பி ஸ்ரீராமுக்கு..." அவள் யோசித்தாள். "அவன் பக்கத்துல பெட்டிக் கம்பெனியைப் பாத்துக்கிறவன். இதுலெல்லாம் காது குடுக்க மாட்டான்."

மீட்டரை நேற்றுக் காலை அலமாரியிலிருந்து எடுத்து, "இதை வச்சுத் தேடுங்க" என்று செழியன் கையில் கொடுத்தது ஸ்ரீராம்குமார்தான்.

பண்டக அறை கூடத்தின் பின்பக்கம் தனியாக இருந்தது. பட்டாசுக்காரர் கட்டிய கட்டடம் என்று பார்த்தவுடன் தெரியும். ஒவ்வோர் அறையும் தனித்தனி, எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறப்பவை, ஒவ்வொரு கதவருகிலும் சிவப்பு வாளி இரண்டு, ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர்.

"கண்ணாடி உருக்குற இடத்துல இம்புட்டு வாளி எதுக்குன்னு நான் கேட்டேன்" என்றாள் ஸ்ரீமதி. "அப்பா கேக்கலை. வாளி இல்லாத கதவு அவருக்குக் கண்ணுல உறுத்தும்."

அவள் போனில் யாருடனோ பேசப் போனாள். செழியன் அறைக்குள் சுவர் ஓரமாக ஒரு சுற்று நடந்தான். அலமாரி. குப்பி இருந்த இடம் காலி. தரை சுத்தம். நேற்றும் இதையே பார்த்து 'தரை சுத்தம்' என்று குறித்திருந்தான். இன்று முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான். மூலைகளில் மெல்லிய தூசி இருந்தது. அலமாரிக்கு நேர் கீழே, ஒரு முறம் அளவுக்கு மட்டும், தரை பளபளவென்று இருந்தது.

"அண்ணே, விளக்குமாறு எங்க?"

"கூடத்து மூலையில."

"அப்ப இது?"

தண்ணீர் வாளியின் கைப்பிடியில் ஒரு துணி காய்ந்து விறைத்துக் கிடந்தது. மடித்துப் பிழிந்து, விரித்துத் தொங்கவிட்ட துணி.

"இதென்ன கூத்து" என்றார் சிவபாண்டி. "கூடம் முழுக்க விளக்குமாத்தால கூட்டிட்டு, இந்த ஒரு முறம் இடத்துக்கு மட்டும் ஈரத்துணி எதுக்கு? இங்கன மட்டும் என்ன, மாக்கோலம் போடப் போறாகளா?"

செழியன் முட்டியிலிருந்து எழவில்லை. அவனுக்குத் தெரியும். நேற்றே தெரிந்திருக்க வேண்டும். ஏழு வயதில் பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை, அம்மாவைத் தேடிப் பட்டாசுக் கம்பெனி வேலிக்கு வெளியே போய் நின்றிருக்கிறான். வெடிமருந்து அடைக்கும் அறை வாசலில் அம்மா குனிந்து, சிந்திய மருந்தை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினாள். பக்கத்திலிருந்தவள் வேலிக்கு வெளியே அவனைப் பார்த்துவிட்டு, "ஏலே, கிட்ட வராதலே! அங்கனயே நில்லு!" என்று கத்தினாள். பிறகு வெளியே வந்து முறுக்கு கொடுத்தாள்.

பஞ்சம்மாள் சித்தி. பதினோரு வருடம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள்.

நேற்று அவளை எதிரே நிற்கவைத்து, பேனாவைத் திறந்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டிருந்தான். பக்கத்தில் கனகசபாபதி உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் அரை மணி நேரம் முன்பு, அப்பா பிரஸ்ஸில் போர்மேன் என்று சொல்லியிருந்தான். பஞ்சம்மாள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "பஞ்சம்மாளுங்க சார்" என்றாள். அதன்பின் தலை நிமிரவே இல்லை.

மூன்று, கேள்வி கேட்டபோது ஒருமுறை கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் அவன் யாரென்று அவள் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். அவனைக் காப்பாற்றக் குனிந்த தலையை அவன் குற்றமென்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"முதலாளி? என்ன, தரையில தூங்கிட்டீகளா?"

"அண்ணே, மருந்து சிந்தினா விளக்குமாறு போட மாட்டாங்க. உரசினா பத்திக்கிடும். ஈரத்துணியில ஒத்தி எடுத்து, தண்ணியில அலசி விட்டுருவாங்க. வேலை முடிஞ்சு போகும்போது தரையில ஒரு பொட்டு இருக்கக் கூடாது. அது என்ன மருந்துன்னு கேக்கவும் மாட்டாங்க. தூளா, தண்ணிக்குள்ள. அவ்வளவுதான்."

"இது சிவகாசிக்காரன் எனக்கே தெரியாதே. நான் பேப்பர் பக்கம். உங்களுக்கு எப்படி..."

"எங்க அம்மா மருந்து அறையில வேலை பார்த்தாங்க. அய்யம்மாள். வெம்பக்கோட்டைப் பக்கம். அப்பாவும் தீப்பெட்டி ஆபீஸ்ல கூலிதான். பிரஸ் இல்ல."

சிவபாண்டி வாயைத் திறந்தார். எப்போதும் அந்த வாயில் ஏதாவது தயாராக இருக்கும். இப்போது மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "ரெண்டு வருசமா உங்க அப்பாவுக்கு வருசா வருசம் பிரஸ் காலண்டர் குடுத்து விட்டேனே" என்றார்.

"அதை மாட்டித்தான் வச்சிருக்காரு."

"அந்தம்மாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

சிவபாண்டி வேறெதுவும் கேட்காமல் சட்டைக் கையை மடித்தார். இருவரும் வாளியை வெளிச்சத்துக்கு நகர்த்தினார்கள். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. பார்த்தால் சாதாரண வண்டல். வண்டலோடு வண்டலாகத் தெரிய வேண்டும் என்று நாலு மாதம் பாடுபட்டுச் செய்த பொருள், சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

செழியன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். நறநறவென்றது. வெயிலில் நீட்டினான். ஊசிமுனை ஊசிமுனையாக மின்னியது.

"அப்ப கேஸ் முடிஞ்சுது!" என்றார் சிவபாண்டி. "பெரியவரைக் கூப்பிடுறேன்."

"இல்லண்ணே, இருங்க. சித்தி தரையில கிடந்த தூளைத்தான் எடுத்திருக்காங்க. அலமாரியில இருந்தது தானா தரைக்கு எப்படி வந்துச்சு? குப்பி எங்க?"

அவன் நேற்றைய குறிப்புகளைப் புரட்டினான். மூன்று மணி நேர மீட்டர் நடை, ஆள்வாரியாக, வரிசையாக. முதல் வரியிலேயே விரல் நின்றது. 'திரு. ஸ்ரீராம்குமார். தானாகவே முன்வந்து, ஷூக்களைக் கழற்றி அடிப்பாகத்தைக் காட்டினார். மீட்டரில் ஒன்றுமில்லை. ஒத்துழைப்பு நன்று.'

"நன்று போட்டிருக்கீக" என்று எட்டிப் பார்த்தார் சிவபாண்டி. "மத்தவங்களெல்லாம் எதைக் காட்டினாங்க?"

"கையை. எல்லாரும் கையைத்தான் நீட்டினாங்க. திருட்டுன்னா கைதானே ஞாபகம் வரும்."

"அவருக்கு மட்டும் காலு ஞாபகம் வந்திருக்கு."



"இன்னொண்ணு" என்றான் செழியன். "சாவி யார் யார்கிட்ட இருந்துச்சுன்னு எழுதினப்ப, முதலாளி வீட்டு ஆட்களை நான் கேக்கவே இல்ல." அவன் அந்தப் பக்கத்தை மடித்தான். "தோணவே இல்ல."

*

நான்கு மணிக்கு வாளி கூடத்தின் நடுவே இருந்தது. கனகசபாபதி நாற்காலியில், ஸ்ரீமதி பக்கத்தில். ஸ்ரீராம்குமார் பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்து கதவோரம் நின்றான். முப்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காலில் ஸ்டிக்கர் கூடக் கிழிக்காத புதுச் செருப்பு.

"என்ன தம்பி, வாளியை வச்சுக்கிட்டு மந்திரமா?" என்றார் கனகசபாபதி. "அஞ்சு மணின்னு சொல்லியிருக்கேன்."

"ஒரு சின்னச் சோதனைங்க ஐயா. சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சம்மாள் பண்டக அறைத் தரையைத் துடைச்ச அழுக்குத் தண்ணி இது. இதைக் கொஞ்சம் டாக்டர் மேடம் பக்கம் நகர்த்தணும்." செழியன் திரும்பினான். "ஸ்ரீராம் சார், ஒரு கை பிடிங்களேன்."

ஸ்ரீராம்குமார் நகரவில்லை.

"தரை துடைச்ச தண்ணிதான் சார்" என்றார் சிவபாண்டி. "புதுச் செருப்புல படாம நான் பாத்துக்கிறேன்." வாளியின் விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்தார். தண்ணீர் தளும்பி ஸ்ரீராமின் பக்கம் ஒரு கோடாக ஓடியது.

ஸ்ரீராம்குமார் பின்னால் தாவியதில் கதவு சுவரில் மோதியது. "யோவ், கிறுக்கா உனக்கு! அக்கா, தள்ளிப் போ! அது பூரா கதிர்வீச்சு!"



"தரை அழுக்குக்கு எங்க இருந்து சார் கதிர்வீச்சு வரும்?" என்று கேட்டான் செழியன். "தூள் குப்பியோட திருடு போச்சுன்னுதானே எல்லாரும் நினைச்சிருந்தோம். அது தரையில கொட்டினது, கொட்டினவருக்கு மட்டும்தான் தெரியும்."

ஸ்ரீமதி எழுந்து வந்து, சேலை நனைவதையும் பார்க்காமல் வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். "ஸ்ரீராம், இதுல கதிரே கிடையாதுடா. இன்னும் உலைக்கே போகலை."

அவன் அக்காவின் கையைப் பார்த்தபடி அப்படியே சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டான். மூன்று நாளாக அவனுக்குள் இருந்தது துண்டு துண்டாக வந்தது. சனிக்கிழமை மத்தியானம் கூடப் படித்த நண்பன் வந்திருந்தான். அணுசக்திப் பொருளெல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று பெருமையடித்து, தன்னிடமிருந்த சாவியால் திறந்து காட்டியபோது குப்பி கைதவறி, மூடி தெறித்துக் கொட்டிவிட்டது. இருவரும் ஓடிவிட்டார்கள். காலிக் குப்பியைச் சாலையோரக் கருவேலங்காட்டில் எறிந்தான். அன்று ஐந்து தடவை குளித்தான். மறுநாள் ஷூவைக் கழுவினான்.

"ரெண்டு நாளா முடி கொட்டுதான்னு சீப்பைப் பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா" என்றான். அழுதான்.

"உனக்குப் பயமா இருந்துச்சு சரி" என்றாள் ஸ்ரீமதி. "விஷம்னு நினைச்சிருக்கே. அதை அந்தம்மா கூட்டப் போறான்னு தெரியும்ல? எச்சரிக்கக் கூடத் தோணலையாடா?"



கனகசபாபதி கைத்தடியை ஊன்றி எழுந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "தூள் உதவுமா?" என்று மகளிடம் கேட்டார்.

"தண்ணியில கிடக்கணும்னே செஞ்சதுதானேப்பா. கரையாது. தெளிய வச்சு, கழுவி, காய வச்சு, மறுபடி சலிச்சா பெரும்பகுதி தேறும். நாளை ராத்திரிக்குள்ள முடிச்சிருவேன்."

"அப்ப நல்லது." அவர் செழியனைப் பார்த்தார். "தம்பி, அறிக்கையில 'பொருள் கிடைத்தது'ன்னு ஒரே வரி எழுதுங்க. பையன் பேரு எங்கயும் வேண்டாம். அந்தம்மாவை வேலைக்கு வரச் சொல்லிருவோம். முடிஞ்சுது."

"பையைக் கொட்டினது வாசல்ல ஐயா" என்றான் செழியன்.

"அதுக்கு?"

அதற்கு என்ன என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. நேற்று அந்த மூன்று வரிகளை எழுதியவன் அவன். சிவபாண்டிதான் மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு, "நான் போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாறேன்" என்று கிளம்பினார்.

*

அவர்கள் வந்தபோது மணி ஆறே கால். கம்பெனி பஸ் போய்விட்டது. வாசலில் காவலாளியும் செழியனும் மட்டும். பஞ்சம்மாள் மொபெட்டிலிருந்து இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கம்மா" என்றார் காவலாளி. அவள் காதில் வாங்கவில்லை.

செழியன் கேட்டைத் தாண்டி வெளியே வந்தான். வளாகத்துக்குள் எல்லோருக்கும் கேட்கும்படியே சொல்ல வேண்டும் என்று பயிற்சி செய்து வைத்திருந்த சொல், மெல்லத்தான் வந்தது.

"சித்தி."

"அப்படிக் கூப்பிடாதீக சார்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "இங்கன நான் கூட்டிப் பெருக்க வாறவ."

"நேத்து நான் உங்களைத் தெரியாத மாதிரி..."

"தெரியுது. பெரிய மனுசன் பக்கத்துல உக்காந்திருந்தீக. நீங்களா சொல்லாம நானா எப்படிச் சொல்ல? பேரைக் கேட்டீக, சொன்னேன். குப்பியப் பாத்தியான்னு கேட்டீக, பாக்கலைன்னேன். பாக்கலைதானே? தரையில மருந்து கிடந்துச்சு, ஒத்தி எடுத்துத் தண்ணியில விட்டேன். அதக் கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கலையே."

"நான் கேட்டிருக்கணும். எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

"ஆமா" என்றாள் பஞ்சம்மாள். "அய்யம்மா மகனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மொபெட் இஞ்சின் சூட்டில் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. சிவபாண்டி அதைத் துடைப்பது போல் முதுகைக் காட்டி நின்றார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு தெரிஞ்சிருச்சு. நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னாரு பெரியவரு. நானும்... என்னை மன்னிச்சிருங்க சித்தி."

பஞ்சம்மாள் காலி வாசலை ஒரு முறை பார்த்தாள். நேற்று தூக்குச்சட்டி உருண்ட இடத்தில் இப்போது ஒரு பெட்டிக் கம்பெனி நாய் படுத்திருந்தது.

"நேத்து இங்கன நாப்பது பேரு நின்னாக. அதுல ஆறு பேரு எங்க தெரு. ராத்திரி எம்மருமக கிட்ட வந்து, உங்க அத்தை எதைடி எடுத்தான்னு கேட்டுட்டுப் போனாளுக. இப்ப நீங்க இந்த நாயையும் மொபெட்டையும் சாட்சி வச்சு மன்னிப்பு கேக்கீக. இதை நான் எங்க கொண்டு போய்ச் சொல்ல? என்னத்தைக் காட்டிச் சொல்ல?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வேலைக்கு வாறதும் வராததும் பிறகு. யாரு முன்னாடி கொட்டினாகளோ அவுக முன்னாடி சொல்லட்டும். சொல்ல ஆளு இருந்தா வாறேன்."

"நான் சொல்றேன்."

"நீங்க யாருன்னு சொல்லுவீக?"

அவள் அன்று முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான். சிவபாண்டி வண்டியைக் கிளப்பி, "ஏறுங்கம்மா, வீட்ல விட்டுட்டு வாறேன்" என்றார். அவள் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி சிவகாசிச் சாலையில் திரும்பியது.

செழியன் வாசல் விளக்கின் கீழேயே, மதில் மேல் டைரியை வைத்து எழுதினான்.

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்.

தூள் கிடைத்தது. பண்டக அறைத் தண்ணீர் வாளியில். கொட்டியவர் ஸ்ரீராம்குமார். நேற்றைய அறிக்கையில் பஞ்சம்மாள் பற்றிய மூன்று வரிகளும் தவறு. அவரை எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும் என்பதை அதில் எழுதவில்லை. அது தவறு என்ற சொல்லுக்குள் அடங்காது. இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: காலை எட்டே காலுக்குக் கம்பெனி பஸ் வருமுன் வாசலில் நிற்க வேண்டும். எல்லோரும் இறங்கிய பிறகு, அய்யம்மாள் மகன் என்று சொல்லிவிட்டு, மூன்று வரிகளையும் உரக்கப் படித்து, ஒவ்வொன்றும் ஏன் பொய் என்று சொல்ல வேண்டும். கனகசபாபதி ஐயாவிடம் இதை ஏழரைக்கே தெரிவித்துவிட வேண்டும். அனுமதி கேட்கக் கூடாது.